பழுதான பெட்டியும் பழுதில்லாத மனச்சாட்சியும்



மோட்டார் வண்டியிலுள்ள பாட்டுப் பெட்டி பழுதானால் என்ன செய்வது என்பது கோவில் பத்திரிகையில் எழுதத்தக்க விஷயமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். நமது கள்ளிக்குப்பத்தில் அது எழுதத்தக்க விஷயமேயாகும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தோன்றிய காலந்தொட்டு இந்தச் சுற்றுவட்டாரம் வண்டிப் பாகங்களை நம்பிப் பிழைக்கிறது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை வண்டிகளுக்கு வேண்டிய மின்சாதனங்களைச் செய்துவருகிறது. நம் வாலிபர்களில் கால் டாக்சி ஓட்டுகிறவர்கள் உண்டு. சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. உதிரிப்பாகக் கடையில் சம்பளத்துக்கு நிற்பவர்களும் உண்டு. வாங்குகிறவன், விற்கிறவன், பூட்டுகிறவன் ஆகிய மூவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசையில் முழந்தாளிடுகிறார்கள். திங்கட்கிழமை அவர்கள் ஒருவரையொருவர் கடையில் சந்திக்கும்போது ஏழாம், எட்டாம் கற்பனைகள் என்ன ஆகின்றன என்பதே இங்கே நாம் ஆராயப்போகும் கேள்வி.

முதலாவது: கம்பெனி வைத்துக் கொடுத்ததை எடுத்துவிட்டு வேறு பொருளை வைப்பது நியாயமா?

வண்டியைச் செய்தவர்களே எல்லாம் அறிந்தவர்கள், அவர்கள் வைத்ததைக் கழற்றுவது ஒருவகை அத்துமீறல் என்று எண்ணுவோர் உண்டு. இந்த எண்ணம் பெரிதும் பழக்கத்தினால் வந்தது. வண்டியில் வைக்கும் ரேடியோ ஆதியில் தொழிற்சாலையில் பிறந்த பொருளே அல்ல. அமெரிக்காவில் 1930-ம் ஆண்டு கால்வின் என்பவரின் கம்பெனி, ஏற்கெனவே விற்ற வண்டிகளில் பூட்டத்தக்க ரேடியோவைச் செய்து, அதற்கு ‘மோட்டரோலா’ என்று பெயரிட்டு விற்றது. வெளியிலிருந்து வாங்கிப் பூட்டிய பொருளாகத்தான் அது வண்டிக்குள் நுழைந்தது. பிற்காலத்தில் இந்தப் பெட்டிகளுக்கு ஜெர்மானிய அளவு ஒன்று ஏற்பட்டது. அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். பெரியதானால் உயரம் 100. உலகமெங்கும் இந்த அளவை மதித்ததால் ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் செய்த வண்டியில் இடம் பெற்றது. அந்நியனும் வந்து தங்கத்தக்க வீடு போல வண்டி அமைந்திருந்தது.

இக்காலத்தில் அந்த வாசல் குறுகிவிட்டது. புது வண்டிகளில் பாட்டும், பின்பக்கக் காமிராவும், சில வண்டிகளில் குளிர்சாதனமும் ஒரே திரைக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்று கெட்டால் முழுவதையும் கம்பெனியிடமே வாங்கவேண்டும் என்ற நிலை வருகிறது. அவர்கள் சொன்ன கிரயமே கிரயம்.

நம் நாட்டில் இந்த வழக்கு ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரினால் எழுந்தது. உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கும் விவரங்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி கம்பெனிகள் தடுக்கின்றன என்பதே புகார். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25-ந் தேதி 14 வண்டிக் கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குப் போனதனாலேயே முழுக் கேரண்டியையும் ரத்து செய்வதாகப் பொதுவான நிபந்தனை போடலாகாது. வெளி வேலையின் குறையினால் சேதம் நேர்ந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே கேரண்டியை மறுக்கலாம் என்று அது கூறியது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போயின. அது சட்டம் அறிந்தோரின் காரியம். நமக்கு வேண்டியது தீர்ப்பின் உள்ளே கிடக்கும் நியாயம். ஒரு பொருளைக் கிரயம் கொடுத்து வாங்கினவன் அதற்கு எஜமானன். தன் பொருளைப் பழுதுபார்த்துக்கொள்வதும் எஜமானனின் உரிமையில் சேர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனிகள் என்றென்றைக்கும் இருப்பவை அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் வண்டி விற்பதை நிறுத்தியது. மறைமலைநகரில் வண்டி செய்துவந்த ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் தன் முடிவை அறிவித்து, 2022-ல் அங்கே வண்டி செய்வதை நிறுத்தியது. உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் தொடரும் என்று அது சொன்னது மெய்தான். ஆனாலும் செய்தவன் போனபின் அவனுடைய பொருளை வருஷக்கணக்காக ஓடவைப்பவர்கள் அநேகமாக மூலைப் பட்டறைக்காரர்களே. ஆகையால் வேறு பொருளை வைப்பதில் பாவம் ஒன்றுமில்லை. பாவம் இருந்தால் அது வைக்கும் விதத்திலும், வாங்கும் விதத்திலும், விற்கும் விதத்திலும் இருக்கிறது.

இரண்டாவது: பழுது எங்கே என்று அறிவதும், அறிந்ததைச் சொல்வதும்.

தலையான புண்ணியங்களில் முதலாவது விவேகம். பெட்டி பேசவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது விவேகமல்ல. பியூஸ் எரிந்திருக்கலாம். ‘எர்த்’ வயர் துருப்பிடித்திருக்கலாம். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கீலண்டையில் ஸ்பீக்கர் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்தோ, ஓரத்து ஸ்பஞ்சு உளுத்தோ இருந்தால் பெட்டி நன்றாயிருந்தும் பாட்டு கரகரக்கும். பாட்டரி தளர்ந்திருந்தால் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் செட் அணைந்து எரியும். சில கம்பெனி செட்டுகள் பாட்டரியைக் கழற்றி மாட்டினால் இரகசிய எண் கேட்டுக்கொண்டு மௌனமாயிருக்கும். எண்ணைக் கொடுத்தால் உடனே பாடும். அதை அறியாமல் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

இங்கேதான் மெய்யான சோதனை வருகிறது. மெக்கானிக் பெட்டியைக் கழற்றிப் பார்க்கிறான். பழுது அறுந்துபோன ஒரு வயர் மட்டுமே. கால் மணி நேர வேலை. வண்டிக்காரருக்கோ ஒன்றும் தெரியாது. “செட் போய்விட்டது ஐயா, புதிது போடவேண்டும்” என்று சொன்னால் போதும்; செட்டிலே லாபம், பூட்டுக்கூலி, கடைக்காரன் கொடுக்கும் கமிஷன், எல்லாம் கைக்கு வரும். அவன் வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டியிருக்கிறது. அவன் என்ன சொல்லவேண்டும்?

சிலர் அவனுக்காக வாதாடுவார்கள்: “விற்பவன் தன் லாபத்தைத்தான் பார்ப்பான். தெரிந்துகொள்வது வாங்குகிறவனின் பொறுப்பு. இது வியாபார வழக்கம்.” அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். விற்கும் பொருளில் மறைவான குறை இருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ நேருமானால் அதைச் சொல்ல விற்பவன் கடமைப்பட்டிருக்கிறான் என்கிறார். குறை கண்ணுக்குத் தெரிவதாயிருந்தால், ஒற்றைக்கண் குதிரையைப் போல, சொல்லவேண்டிய கடமையில்லை. ஆனால் அதற்கேற்றபடி கிரயத்தைக் குறைக்கவேண்டும். ஆகவே வியாபாரத்தில் எல்லாவற்றையும் எல்லோருக்கும் விளம்பரம் செய்யும்படி திருச்சபையின் சாஸ்திரிகள் கட்டாயப்படுத்தவில்லை. வியாபாரியின் லாபத்தையும் அவர்கள் பழிக்கவில்லை.

ஆனால் மெக்கானிக்கின் நிலை வெறும் வியாபாரியின் நிலையல்ல. “இந்த செட்டு என்ன விலை?” என்று கேட்பவன் பொருளை வாங்க வந்தவன். “என்ன பழுது?” என்று கேட்பவன் உண்மையை வாங்க வந்தவன். அவனுக்குக் கண் இல்லாத இடத்தில் மெக்கானிக் கண்ணாயிருக்கிறான். வைத்தியரிடம் நாடியை நீட்டுகிறவனும் வக்கீலிடம் பத்திரத்தை நீட்டுகிறவனும் இப்படியே. அவ்வேளையில் பொய் சொல்லுகிறவன், கேட்ட பொருளுக்குப் பதிலாகப் போலிப் பொருளைக் கொடுத்தவனாகிறான். அவன் விற்ற புது செட் நல்ல செட்டாயிருக்கலாம். விற்ற வார்த்தை கள்ள நாணயம். எட்டாம் கற்பனை முறிந்தது. வீணாய் வாங்கின பணத்தினால் ஏழாம் கற்பனையும் முறிந்தது. இப்படி வாங்கின பணத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதால் மட்டும் போதாது, உரியவனுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்பது ஞானோபதேசத்தில் நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம்.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நீதியாகாது. வண்டிக்காரராகிய நாமும் நம்மைச் சோதித்துக்கொள்ளவேண்டும். அவன் ஒரு மணி நேரம் வியர்த்துத் தேடி, அறுந்த வயரைக் கண்டுபிடித்து, ஒட்டிக் கொடுத்து, 300 ரூபாய் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “ஒரு வயரை ஒட்டினதற்கு 300 ரூபாயா? ஒன்றும் மாற்றவில்லையே!” என்கிறோம். அதே ஆள் 8,000 ரூபாய்க்கு செட்டை மாற்றினால் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். பொருளுக்குக் காசு கொடுப்போம், அறிவுக்கும் நேர்மைக்கும் கொடுக்கமாட்டோம் என்பது இதன் அர்த்தம். இப்படி நடந்தால் உண்மை சொல்லுகிறவன் பட்டினி கிடப்பான். பொய் சொல்லுகிறவன் பிழைப்பான். அந்தப் பொய்க்கு விலை நிர்ணயம் செய்தவர்கள் நாம்தான். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரவான் என்று நமது ஆண்டவர் போதித்தது, கையால் தூக்கிக் காட்டக்கூடிய வேலைக்கு மட்டுமல்ல. “பார்த்துச் சொன்னதற்கு இவ்வளவு” என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பார்த்ததில் ஒன்றும் மாற்றவேண்டியதில்லை என்று தெரிந்தால் அந்தக் கூலியைச் சந்தோஷமாய்க் கொடுங்கள். ஒரு மனிதன் உத்தமனாயிருப்பதை நீங்கள் எளிதாக்குகிறீர்கள். அதுவும் பிறர்சிநேகக் கிரியையே.

மூன்றாவது: பெட்டியின் மேல் அச்சடித்த வார்த்தை.

மெய்யாகவே செட்டை மாற்றவேண்டியதாயிற்று, கடைக்குப் போகிறோம். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் வண்டி அலங்காரக் கடைகளும், ரிச்சி தெருவில் மின்னணுக் கடைகளும் வரிசையாயிருக்கின்றன. அட்டைப் பெட்டியின் மேல் ‘1000 வாட்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. இதை நம்பலாமா? பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போதும். பெட்டிக்குப் பின்னாலுள்ள பியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றிருந்தால், இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்சாரம் ஏறக்குறைய 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 140 வாட். அதற்கு மேல் தொடர்ந்து மின்சாரம் இழுத்தால் பியூஸ் எரிந்துபோகும். உள்ளே 140 வாட் நுழைகிற பெட்டியிலிருந்து 1000 வாட் எப்படி வெளியே வரும்? தண்ணீரைத் திராட்சரசமாக்கினவர் நமது ஆண்டவர் ஒருவரே, கடைக்காரர் அல்லர். கண் இமைக்கும் நேரத்துக்கு எழும்பும் உச்ச அளவைக் கணக்கில் காட்டியும், சில வேளை ஒரு கணக்கும் இல்லாமலும், இந்த எண்களை அச்சடிக்கிறார்கள். நீடித்து ஒலிக்கும் சக்தி என்று தனியே ஒரு எண் உண்டு, ‘ஆர்.எம்.எஸ்.’ என்பார்கள். சாதாரணப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கருக்கு அது 20 வாட்டுக்கு அக்கம்பக்கமாயிருக்கும். அதுவே வண்டிக்குள் கேட்கத் தாராளம்.

“அட்டையில் அச்சடித்தது நானல்லவே, நான் கடையில் நிற்கிற சம்பளக்காரன்” என்று ஒரு வாலிபன் சொல்லலாம். நியாயமான பேச்சு. அச்சடித்தவனின் பொய் அவனுடைய கணக்கில் ஏறாது. ஆனால் வாங்குகிறவர் நேருக்கு நேராக, “தம்பி, இது உண்மையா?” என்று கேட்டால், அப்போது அவன் வாயிலிருந்து வருவது அவனுடைய சொந்த வார்த்தை. “அது விளம்பரக் கணக்கு ஐயா, உள்ளபடி இவ்வளவுதான்” என்று சொல்லப் பழகட்டும். கள்ளத் தராசைச் சர்வேசுரன் அருவருக்கிறார் என்று பழைய ஏற்பாட்டில் படிக்கிறோம். இக்காலத்துத் தராசுகளில் வாட் கணக்கும் ஒன்று.

நான்காவது: பில் இல்லாத மலிவு.

பழைய வண்டிகளிலிருந்து கழற்றின சாமான்களை விற்கும் புதுப்பேட்டைக் கடைகளை எல்லோரும் அறிவோம். அங்கே நியாயமாகப் பிழைக்கிறவர்கள் அநேகர். விபத்தில் சிக்கின வண்டியிலிருந்து எடுத்த நல்ல செட்டை, பாதிக் கிரயத்துக்கு வாங்கி இன்னொரு வண்டியில் வைப்பது சிக்கனம்; அதைத் தவறென்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் எங்கேயானாலும், எந்தக் கடையானாலும், வயர்கள் கத்தியால் அறுத்தபடி தொங்க, பில்லும் இல்லாமல், எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுகிற ஒருவன் நீட்டும் செட்டைப் பற்றி மனச்சாட்சி தானே பேசும். இன்னொருவன் காலையில் வந்து கண்ணாடி உடைந்த தன் வண்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்திருப்பான். சந்தேகம் வலுவாயிருக்க, கேளாமல் வாங்குகிறவன் களவுக்குப் பங்காளி. வாங்குகிறவன் இல்லாவிட்டால் திருடுகிறவன் எதற்குத் திருடுவான்? தெரியாமல் வாங்கிப் பின்பு உடையவன் இன்னார் என்று தெரிந்தால், பொருள் அவனுக்கே சேரவேண்டும். கொடுத்த பணத்தை விற்றவனிடம் கேட்கலாமேயன்றி, உடையவனிடம் கேட்கலாகாது.

ஐந்தாவது: பழைய வஸ்திரமும் புதுத் துண்டும்.

பழைய வஸ்திரத்தில் நனைக்காத புதுத் துண்டை ஒட்டுப்போட்டால் கிழிசல் அதிகமாகும் என்று சேசுநாதர் சுவாமி உவமையாகச் சொன்னார். அவர் சொன்னது ஞான காரியத்தைப் பற்றி. ஆனாலும் அவர் தொழிலாளியின் வீட்டில் வளர்ந்தவர். ஒட்டு பொருந்தவேண்டும் என்பதை அவர் கண்ணால் கண்டிருப்பார். நல்ல எலக்ட்ரீஷியன் வண்டிக்குரிய ‘கப்ளர்’ வாங்கி, கம்பெனி வயரை அறுக்காமல் மாட்டுவான். அவசரக்காரன் கப்ளரை வெட்டி எறிந்து, வயரோடு வயரை முறுக்கி, மேலே டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவான். வெளியே பார்த்தால் இரண்டு வேலையும் ஒன்றுதான், டேஷ்போர்டு மூடிவிடும். வெயிலில் டேப்பின் பசை இளகும். வயர் வயரை உராயும். பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சொருகிவிட்டாலோ, வண்டியே எரியக்கூடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் பெண்சாதி பிள்ளைகளோடு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்ட ஒரு தகப்பனாயிருக்கலாம். அஜாக்கிரதையான வேலை வெறும் சோம்பலல்ல. அது ஐந்தாம் கற்பனையையும் தொடுகிற காரியம்.

பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1955-ல் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியாகிய அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாசரேத்தூர்ப் பட்டறையில் ஒருவரும் பார்க்காத பக்கத்தையும் அவர் ஒழுங்காய் இழைத்திருப்பார் என்று நம்புகிறோம். டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள இருட்டையும் சர்வேசுரன் பார்க்கிறார்.

ஆறாவது: எவ்வளவு சத்தம் போதும்?

ஒலிக் கருவிகளைத் திருச்சபை பகைக்கவில்லை. 1931 பிப்ரவரி 12-ந் தேதி, மார்க்கோனி அமைத்துக்கொடுத்த வத்திக்கான் வானொலி வழியாக 11-ம் பத்திநாதர் உலகத்தோடு பேசினார். 12-ம் பத்திநாதர் 1957-ல் சினிமா, ரேடியோ, டெலிவிஷன் ஆகியவற்றைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், இவை மனித புத்தியால் உண்டானாலும் சர்வேசுரனுடைய கொடைகளே என்று காட்டினார். நாள் முழுவதும் நெரிசலில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு நல்ல பாட்டு இளைப்பாற்றி. அதை அவனிடமிருந்து பிடுங்கவேண்டாம்.

ஆனால் பழுதான செட்டுக்குப் பதில் செட் வாங்கப் போனவன், ஆம்ப்ளிஃபையரும், டிக்கி நிறைய ஊஃபரும் தவணைக்கு வாங்கி வந்தால், அங்கே பழுது நீங்கவில்லை. வேறொரு பழுது பிறந்தது. தேவைக்கும் ஆசைக்கும் நடுவே கோடு போடுவது மிதம் என்னும் புண்ணியம். நம் தெருக்கள் குறுகியவை. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குகிறவர்கள் உண்டு; வியாதிக்காரர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், கைக்குழந்தைகள் உண்டு. மத்திய அரசாங்கத்தின் 2000-ம் ஆண்டு ஒலி விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. கருவி இல்லாமலே அளக்க ஒரு வழி உண்டு: கண்ணாடியை ஏற்றினபின் உன் பாட்டு உன் வண்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று பார். ஆம்புலன்சு வருவது உன் காதில் விழுகிறதா என்று பார். இரண்டில் எதிலும் தவறினால் உன் இன்பம் பிறனுடைய நஷ்டத்தில் நடக்கிறது.

கழற்றின பழைய செட்டையும் மறக்கவேண்டாம். அதிலுள்ள ஈயப் பற்றும் பிளாஸ்டிக்கும் குப்பையில் எரிந்தால் அந்தப் புகையை ஏழைகளே முதலில் சுவாசிக்கிறார்கள். எறிந்துவிடும் பழக்கத்தைப் பற்றிக் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய சுற்றுமடலில் கண்டித்திருக்கிறார். ஓடக்கூடியதானால் தேவைப்படுகிறவனுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் மின்னணுக் கழிவை முறைப்படி வாங்குகிறவர்களிடம் சேருங்கள். பிற்பாடு வண்டியை விற்கும் நாள் வந்தால், “எல்லாம் ஒரிஜினல்” என்று சொல்லவேண்டாம். “செட்டு நான் மாற்றினது, வயர் வேலை இன்னபடி நடந்தது” என்று சொல்லுங்கள். சில ஆயிரம் குறையலாம். இராத்திரி தூக்கம் குறையாது.

பிரியமானவர்களே, இவ்வளவும் ஒரு சிறு பெட்டியைப் பற்றித்தானா என்று கேட்பீர்கள். பெரிய சோதனைகள் நம் வாழ்வில் அபூர்வமாகவே வருகின்றன. வேதசாட்சியாகச் சாகும்படி நம்மை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் “என்ன பழுது?” என்று ஒருவர் கேட்க, ஒரு வார்த்தையில் உண்மையோ பொய்யோ சொல்லவேண்டிய சமயம் ஒரு பட்டறைக்காரனுக்கு நாள்தோறும் பலமுறை வருகிறது. அவனுடைய ஆத்துமம் அங்கேதான் உருவாகிறது. வாங்குகிறவர் உண்மைக்குக் கூலி கொடுக்கட்டும்; விற்கிறவர் கேட்டபோது உள்ளதைச் சொல்லட்டும்; பூட்டுகிறவர் மறைவான இடத்தையும் செம்மையாய்ச் செய்யட்டும்; கேட்கிறவர் அயலானுடைய காதையும் நினைக்கட்டும்.

தொழிலாளிகளுக்குப் பாதுகாவலரான அர்ச். சூசையப்பர் உங்கள் கைகளின் வேலையைக் காப்பாராக. சர்வேசுரன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி